மூன்றாம் மாடிக் கதவு

பெண்கள் விடுதியின் வரைபடத்தில் அந்தக் கதவைச் சுகந்தி பதினோராவது முறையாக அழித்தாள். மூன்றாம் மாடியில், நடைவழி முடியும் இடத்தில் இருந்தது அது. திறந்தால் வெளியே வெறும் காற்று. கதவுகளையும் சன்னல்களையும் இப்போதெல்லாம் ஏஐ ஏஜென்ட்டே வைத்துவிடுகிறது, அவள் பார்த்து 'சரி' அழுத்தினால் போதும். காலையிலிருந்து முந்நூறு முறையாவது அழுத்தியிருப்பாள். கண் எரிந்தது. இந்தக் கதவை மட்டும் அவள் அழிக்க அழிக்க அது திரும்ப வைத்தது.

ஏன் என்று தட்டச்சு செய்து கேட்டாள். "நீங்கள் முன்பு வரைந்த நாற்பத்தொரு கட்டடங்களிலும் இந்த இடத்தில் கதவு இருக்கிறது" என்று பதில் வந்தது.

உண்மைதான். ஆனால் தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று அந்தக் கதவுகளுக்கு வெளியே படிக்கட்டு இருந்தது. இதிலும் வரைந்திருந்தாள். படிக்கட்டை எடுத்தால் மாடிக்கு இரண்டு அறை கூடுதலாகக் கிடைக்கும் என்று விடுதி ஓனர் சொன்னதால், போன வாரம் அவளே அதை எடுத்துவிட்டாள்.

"இன்னுமா அது நிக்குது? எடுத்துரும்மா, ஓனர் வந்துட்டிருக்கார்" என்றார், பின்னால் வந்து நின்ற மேனேஜர் இமானுவேல்.

"என்னால முடியல சார். நீங்களே எடுத்துருங்க." நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

அவர் உட்கார்ந்து அழித்தார். கதவு போனது. சற்றுப் பொறுத்து அதே இடத்தில் மறுபடி வந்தது, கீழே ஒரு கேள்வியோடு: "வெளியே படிக்கட்டு வைக்கட்டுமா?"

மவுஸின் மேலிருந்த விரலை அவர் எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.