வாய் கட்டிய பெட்டி

உப்புக் குவியலில் விழும் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. தோணி காத்துக் கிடக்க, சுமக்க வந்த நாங்கள் பெட்டிக்காக நிற்கிறோம். நேற்றைய சுமையில் என் கழுத்து இன்னும் திரும்பவில்லை. சீனித்தாய் பனைநார்ப் பெட்டியை மடியில் வைத்துப் பின்னுகிறாள். ஈர நார் அவள் விரலுக்குள் கிறீச்சிடுகிறது. கங்காணி மந்திரமூர்த்தி குடையை மடக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

“ஏளா, இனி நாலு விரல் உசத்திப் பின்னணும்னு சொன்னேம்லா?”

“சுமக்கிறவளுக்குக் கூலியும் உசருமா அண்ணாச்சி?”

“அது பழையதுதான்.”

“அப்போ பெட்டியும் பழையதுதான். இல்ல, உசத்தித் தாரேன், மொதப் பெட்டிய உங்க தலையில ஏத்தட்டுமா?”

எங்கள் வரிசையில் சிரிப்பு வெடிக்கிறது. செண்பகம் தன் தலைச் சும்மாட்டை எடுத்து அவரிடம் நீட்டுகிறாள்.

“நாளைக்கு வேற ஆளு வந்து பின்னுவா, பாத்துக்க!” என்று கங்காணி சீனித்தாயிடம் சீறுகிறார்.

சீனித்தாய் நிமிரவில்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நார்களை மடக்கி, விளிம்பு வைத்து, பல்லால் கடித்து இறுக்குகிறாள். மிச்சத்தை அரிவாளால் நறுக்குகிறாள். இப்படி வாய் கட்டிய பெட்டியை இனி யாராலும் உயர்த்த முடியாது. நறுக்கிய நார் கங்காணியின் செருப்பின்மேல் விழுகிறது. அவள் பாதி பின்னிய அடுத்த பெட்டியை மடிக்கு இழுக்கிறாள். எல்லாப் பெட்டிக்கும் அதே பழைய அளவில் வாய் கட்டி முடிகிறவரை எங்களில் ஒருவரும் உப்பைத் தொடுவதாக இல்லை.