எட்டாம் எண் விதை

“நம்ம ஆராய்ச்சிப் பலகையைப் புடுங்கி அந்தப் பக்கத்து வயல்ல நடும்மா, விண்ணரசி.”

“சார், அது காத்தாயி அக்கா வயலு!”

“தெரியும். நம்ம வயலு கருகிக் கெடக்கு. அந்த நெதர்லாந்து அம்மா இதைப் பார்த்துட்டு அடுத்த மூணு வருஷப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவாங்களா?”

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடலுப்பு ஏறிப்போன நிலம். உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடி நம் நாடும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி. நெதர்லாந்திலிருந்து வந்த விதைப் பொட்டலங்களில் ரகத்தின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இந்த வயலுக்கு வந்தது எட்டாம் எண்.

“செத்துப்போச்சுன்னு உள்ளதைச் சொன்னா என்ன சார்?”

பேராசிரியர் ஜோஸ்வா சிரித்தார். “சொல்லு. அப்புறம் உன் சம்பளத்தை யாரு கொடுப்பா? அறுப்புக்குப் போற உங்கப்பாவா?”

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் விண்ணரசி. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைப் பிடுங்கினாள்.

வரப்பில் நின்ற காத்தாயி கேட்டாள்: “என்னடி, சொல்லாம கொள்ளாம என் வயலு கவருமெண்டு வயலாயிடுச்சு?”

“ஒரு மணி நேரந்தான்க்கா.”

“நட்டதுதான் நட்டே, நெலத் தீர்வையையும் அந்தப் பலகை பேருக்கே மாத்திவிடு.”

“இது மட்டும் எப்படிக்கா சாகாம நிக்குது?”

“எங்க வூட்டு விதை நெல்லு. இந்த உப்புக்கு வேற எது நிக்கும்?”

“சார், கேட்டீங்களா? நாம தேடுற நெல்லு...”

“நாட்டு நெல்லுக்கெல்லாம் எவன் பணம் தருவான்? பேசாம இரு!”

பத்து மணிக்கு ஜீப் வந்தது. நெதர்லாந்து விஞ்ஞானி மரிகா இறங்கி, பலகையைப் பார்த்தாள், பயிரைத் தடவிப் பார்த்தாள்.

“உங்க எட்டாம் எண் எப்படி நிக்குது பாருங்க மேடம்!” ஆங்கிலத்தில் பூரித்தார் ஜோஸ்வா.

மரிகா கைப்பையிலிருந்து அரக்கு வைத்த உறையை எடுத்துக் கிழித்து, உள்ளே இருந்த தாளை அவரிடம் நீட்டினாள். விண்ணரசி எட்டிப் படித்தாள்.

‘எட்டு: உப்புப் பட்டால் சாகும் ரகம். நிலத்தில் உப்பு உண்டா என்று அறிவதற்காக மட்டும்.’

“உப்பே இல்லாத ஊரில் உப்பு ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம்?” என்று கேட்டுவிட்டு மரிகா ஜீப்பில் ஏறினாள்.