அளவுப் புத்தகத்தில் ஒரு குழி

சுண்ணாம்புக் கோடு மணற்குழியின் நடுவே போனது.

அவள் காலால் அழித்தாள்.

சவரிமுத்து மறுபடி போட்டார். பொருட்காட்சிக்காரர்களின் ஆள். ராட்டினம் நிற்கப்போகும் இடத்தில் வட்டம் போடுவது அவர் வேலை. ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, வாயில் வெற்றிலை. கோபமே இல்லாமல் போட்டார்.

அவளும் சளைக்காமல் அழித்தாள்.

பொருட்காட்சி நாற்பத்தைந்து நாள் நடக்கும். காவலர் தேர்வுக்கான உடல்திறன் போட்டி இன்றிலிருந்து நாற்பத்தோராவது நாள். அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். ஓடிவந்து நீளம் தாண்டிப் பழக ஊருக்குள் வேறு இடமில்லை, மாநகராட்சிப் பூங்காவின் இந்தத் தென்மூலையை விட்டால்.

குழி அவளே தோண்டியது. புது வீடு கட்டி முடித்தவர்களிடம் கேட்டு வாங்கிய மிச்ச மணல். கண்ணாடிச் சில்லு இல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்து சலித்தாள்.

ராட்டினத்தின்மேல் அவளுக்கு வஞ்சமில்லை. போன வருடம் ஆற்றங்கரை மைதானத்தில் போட்டபோது இரண்டு முறை ஏறினாள். மிளகாய்ப்பொடி தூவிய பெரிய அப்பளத்தையும் விடவில்லை. தாராளமாகப் போடட்டும். இங்கே வேண்டாம்.

நடைப்பயிற்சி சங்கத்தார் ஆட்சேப மனு கொடுத்திருந்தார்கள். ஒலிபெருக்கி, தூசி, வண்டி நிறுத்தம், கொசு என்று இரண்டு பக்கம். கொசுவுக்கு மட்டும் மூன்று வரி. குழிக்கு ஒரு வரி கிடையாது. கேட்டதற்கு, கொசு விஷயம் ரொம்ப வலுவானதும்மா, கவலைப்படாதே என்றார் சங்கத் தலைவர். எரிச்சலோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

ஏழு மணிக்கு மாநகராட்சி உதவிப் பொறியாளர் வந்தார். தென்மூலை பயன்பாட்டில் இல்லாத காலியிடம் என்று அவர் பார்த்து எழுதவேண்டும். எழுதிவிட்டால் அனுமதி. கக்கத்தில் அளவுப் புத்தகம் இருந்தது. டேப் பிடிக்கும் ஆள் விடுப்பு. சவரிமுத்து வாளியை வைத்துவிட்டுத் தானே பிடித்தார்.

மேற்கே அளந்தார்கள். சவரிமுத்து எண்ணைச் சொன்னார். பொறியாளர் எழுதினார்.

தெற்கே அளந்தார்கள். சொன்னார். எழுதினார்.

பொறியாளர் தலை நிமிரவே இல்லை. முப்பது வருடப் பழக்கம். காதில் எண் விழுந்தால் கை எழுதிவிடும்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வார்டு அலுவலகத்தில் எட்டு மாதம் தற்காலிகமாகத் தட்டச்சு செய்தவள் அவள். அளவுப் புத்தகத்தில் ஏறியதை அழிக்கக் கூடாது என்று தெரியும். கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் பக்கத்திலேயே காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு எந்தப் பொறியாளருக்கும் அவ்வளவு லேசில் கை வராது.

அவர்கள் குழிப் பக்கம் வந்தபோது கேட்டாள். இத்தனை நாளும் குத்துமதிப்பாகக் காலடியில்தான் அளக்கிறேன், ஒரே ஒரு தடவை டேப் வைத்துச் சொல்லுங்கள் என்று. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, தாண்டட்டுமே சார் என்றார் சவரிமுத்து.

தேர்வில் முழு மதிப்பெண்ணுக்கு மூன்றே முக்கால் மீட்டர் வேண்டும். இதுவரை தாண்டினாளா என்று அவளுக்கே தெரியாது.

ஓடினாள்.

மணல் முட்டிவரை தெறித்தது.

சவரிமுத்து குனிந்தார். குதிகால் பதிந்த இடத்தில் டேப்பை வைத்தார். மேற்குக்கும் தெற்குக்கும் சொன்ன அதே அலுப்போடு சொன்னார்.

"மூணு எம்பத்தி ரெண்டு."

பொறியாளர் எழுதினார். அளந்தது இன்னதென்று வழக்கம்போல் முதலில் குறித்தார். நீளம் தாண்டும் மணற்குழி, ஒன்று. பிறகு எண்ணை எழுதினார்.

பிறகுதான் பேனா நின்றது.

பக்கத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். காலியிடம் என்று சொல்ல வந்த புத்தகத்தில், அவர் கையெழுத்திலேயே, குழி ஏறிவிட்டது.

அவள் மணலைத் தட்டிவிட்டு எதிரில் வந்து நின்றாள். ஏமாற்றிவிட்டோம் என்று தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சவரிமுத்துவுக்கு மெல்ல விளங்கியது. அடித்துவிடுங்கள் சார் என்றார். என்ன காரணம் எழுதட்டும் என்று பொறியாளர் கேட்டார். சவரிமுத்து யோசித்தார். யாரும் தாண்டவில்லை என்று எழுதச் சொல்லலாம். டேப் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அளந்து சொன்னதே அவர்தான்.

பொறியாளரின் கட்டைவிரல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடியது. நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் கொசுவைப் பற்றிப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள்.

கடைசியில் புத்தகத்தை மூடாமல் கீழே வைத்தார். சவரிமுத்துவிடமிருந்து டேப்பின் முனையை வாங்கிக்கொண்டார்.

"ஒரு அளவு போதாதும்மா. மேல கேப்பாங்க. இன்னொருக்கா தாண்டு."

பேன்ட்டை முட்டியில் தூக்கிவிட்டுக் குழியோரம் குந்தினார்.

அவள் திரும்பி நடந்தாள். போன முறை ஓடத் தொடங்கிய இடத்தில் நிற்கவில்லை. இன்னும் நான்கு எட்டு பின்னால் போனாள்.