இருபது எண்ணும் வரை

கீழே போட்டு அமுக்கினால் ஒரு மனுஷி துள்ள வேண்டாமா? இந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

சத்யப்ரியாவுக்கு ஜூடோவில் அது முதல் நாள். அவள் சேர்ந்ததற்கு வீரம் ஒன்றும் காரணமில்லை. மூன்று வயது மகள் நாள் முழுக்க இடுப்பிலும் கழுத்திலும் தொங்கிக்கொண்டே இருந்தாள். ஞாயிறு காலை ஒரு மணி நேரமாவது பிள்ளையைக் கணவன் குருமூர்த்தியிடம் தள்ளிவிட்டு எங்கேயாவது போக வேண்டும். கல்கத்தாவில் அவர்கள் இருந்த ஜாதவ்பூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் லேக் கார்டன்ஸ் ஜூடோ கிளப் பக்கம்தான். மேலே யாரும் ஏறாமல் இருக்க ஜூடோவுக்குப் போன பொம்பளை நீ ஒருத்திதான் என்று குருமூர்த்தி சிரித்தான்.

அங்கே பெண்களுக்குச் சொல்லித்தரும் தபன்தா (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்) புதிதாக வந்தவர்களை ஓரமாக உட்காரவைப்பதில்லை. தூக்கிப் போடுவது, விழுவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படுத்திருப்பவரை அமுக்கிப் பிடிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கே மோது என்று மெத்தைக்கு அனுப்பிவிடுவார். விதி ஒன்றுதான். மேலே இருப்பவர் தன் தாய்மொழியில் சத்தமாக இருபது எண்ண வேண்டும். அதற்குள் கீழே இருப்பவர் தப்பிக்க வேண்டும்.

சத்யப்ரியா தமிழில் எண்ணினாள். கீழே அசைவே இல்லை. எரிச்சலில் கடகடவென்று எண்ணி முடித்து எழுந்தாள்.

"பதிமூணையும் பதினாலையும் முழுங்கிட்டேளே" என்றார் அந்த அம்மாள், படுத்தபடியே.

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் வீட்டுக்கு வெளியே காதில் விழுந்த முதல் தமிழ். அதுவும் குற்றம் கண்டுபிடிக்கிற தமிழ்.

பெயர் வித்யாலக்ஷ்மி. வங்கியில் அதிகாரி. ஐம்பதைத் தொடுகிற வயது. தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம்.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான். புதிதாக யார் வந்தாலும் முதலில் எழுந்து ஜோடி சேர்வது வித்யாலக்ஷ்மி. மெத்தையில் சாய்ந்ததும் மூச்சுக்கூடக் கேட்காது. ஆபீசரம்மாவுக்கு நம்மோடு மல்லுக்கட்டக் கௌரவக் குறைச்சல் என்று மற்ற பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

நாலாவது வாரம் சத்யப்ரியா தன் ஓட்டை வங்காளத்தில் தபன்தாவிடம் புகாரே சொல்லிவிட்டாள். அவர் மனதிலும் அதுதான் இருந்திருக்கிறது. தப்பிக்கப் பார்க்காதவருக்கு இங்கே என்ன வேலை, அடுத்த ஞாயிறும் இப்படியே கிடந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன், உன் பாஷைக்காரிதானே, நீயே காதில் போட்டுவை என்றார்.

வித்யாலக்ஷ்மியைச் செருப்பு விடுகிற இடத்தில் பிடித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வாரமும் நீங்க துள்ளலைன்னா வரவேண்டாம்னு சொல்லிருவாராம். ஒரு தடவ உதறுனாத்தான் என்ன? என்னைய ஒரு ஆளாவே மதிக்கலையா நீங்க?"

வித்யாலக்ஷ்மி செருப்பு வாரை மாட்டுவதை நிறுத்தினார்.

"மதிக்காமலா நீ வந்ததும் ஓடிவந்து எதிர்ல நிக்கறேன்?"

"பின்ன ஏன்க்கா?"

வாரை மாட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆறது. கடைசி ஆறு வருஷம் படுக்கைதான். தூக்கி உட்கார வெச்சு, குளிப்பாட்டி, தலை வாரி... கை எப்பவும் அவமேலதான் இருக்கும். இப்போ பேங்க்ல எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஆத்துல நான் மட்டும். என்மேல ஒரு மனுஷா கை படறது இங்கதான். இருபது எண்ணி முடிக்கற வரைக்கும். அதுலேர்ந்து தப்பிச்சு ஓடுன்னா எப்படி?"

வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"பழகினவா நாசூக்கா பிடிப்பா. புதுசா வர்றவாதான் விட்டா ஓடிடுவாளோன்னு பயந்துண்டு இறுக்கிப் பிடிப்பா."

அன்று வீட்டில் மகள் முதுகில் ஏறி இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறங்குடி என்று சொல்ல வாயெடுத்த சத்யப்ரியா, சொல்லாமலே அவளைச் சுமந்துகொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு தபன்தா கையைக் கட்டிக்கொண்டு மெத்தை ஓரத்திலேயே நின்றார். சத்யப்ரியா வித்யாலக்ஷ்மியின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, தோளைச் சேர்த்து இறுக்கி, எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

அவசரமே இல்லை. பதினாறு வந்தது. பதினேழு வந்தது. அதற்கப்புறம், "பதிமூணு... பதினாலு..."

வித்யாலக்ஷ்மி கண்ணைத் திறந்தார். "தப்பா எண்ணறே" என்றார் மெதுவாக.

எண்ணுகிற ராகத்தை விடாமலே சத்யப்ரியா பதில் சொன்னாள். "தெரியும்க்கா... பேசாம படுங்க... பத்தொம்பதுன்னதும்... உதறுங்க..."

வித்யாலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டார்.

பதிமூணும் பதினாலும் இன்னும் மூன்று தடவை வந்து போயின. கடைசியில் பத்தொன்பது வந்தபோது வித்யாலக்ஷ்மி இடுப்பை ஒரு உதறு உதறினார். ஒரு குழந்தையைக்கூட அது நகர்த்தியிருக்காது. சத்யப்ரியா பூசணிக்காய் மாதிரி உருண்டுபோய் விழுந்தாள்.

தபன்தா கை தட்டினார். இனி இவரைப் போகச் சொல்ல வேண்டியதில்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சந்தேகம். இருபது எண்ண இவ்வளவு நேரமா என்று கேட்டார்.

சத்யப்ரியா முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னாள்.

"எங்க பாஷையில இருபது கொஞ்சம் தூரம், தாதா."