சுத்தமான பிரதி

பள்ளியின் மின்நூலகத்தில் மாணவர்கள் பரிந்துரைக்கும் நாவல்கள் சுத்தம் செய்யப்பட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். கெட்ட வார்த்தைகளைத்தான் எடுப்பார்கள் என்று பெனிட்டா நினைத்திருந்தாள்.

போன மாதம் அம்மாவைப் பறிகொடுத்த கௌசல்யாவுக்காகத் தேடிப்பிடித்து ஒரு நாவலைப் பரிந்துரைத்தாள். அதில் ஒரு பெண்ணின் அம்மா புற்றுநோயில் இறந்துபோவாள். அந்தப் பெண் எப்படியோ சாப்பிடுவாள், தூங்குவாள், ஒருநாள் சிரிக்கவும் செய்வாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பெனிட்டா கேட்டாள்: "படிச்சியாடி?"

"முழுசா படிச்சேன். அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, அம்மா கையைப் பிடிச்சுத் தைரியம் சொல்லிக்கிட்டே இருக்கா. அவங்க பிழைச்சிடுறாங்க." கௌசல்யா நிமிரவே இல்லை. "நான் அன்னைக்கு டியூஷனுக்குப் போயிட்டேன்டி. போகாம பக்கத்துலயே இருந்திருந்தா எங்கம்மாவும் பிழைச்சிருப்பாங்க, இல்ல?"

"ஐயோ, அப்படி இல்லடி! கதையில அந்த அம்மா செத்துடுவாங்க. இரு, காட்டுறேன்."

பெனிட்டா, தான் முன்பு படித்திருந்த பிரதியைத் தன் டேப்லெட்டில் அவசரமாகத் திறந்து கடைசி அத்தியாயத்துக்குப் போனாள்.

அதிலும் அந்த அம்மா வீடு திரும்பி, மகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.