தங்கச்சியின் ஆட்டம்

தங்கச்சியின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியில் பென் டிரைவை வேலை செய்ய வைக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அதன் மென்பொருளை ஏற்கெனவே மாற்றியிருந்தேன். அன்று காலை புது பென் டிரைவை உறை பிரித்துச் செருகினேன். கருவி முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொண்டது.

காலியாக இருக்க வேண்டிய பென் டிரைவில் ஓர் ஆட்டம் சேமிக்கப்பட்டிருந்தது. ஆடியவர் பெயர் குட்டிம்மா, தங்கச்சியின் செல்லப்பெயர். ஆடிய நேரம் எழுபத்தொன்பதாயிரம் மணி நேரம். கணக்குப் போட்டால், ராப்பகலாக ஒன்பது வருஷம்.

குட்டிம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் ஆட்டத்துக்கு இடம் போதவில்லையென்று அவளுடையதை நான்தான் அழித்தேன். அப்போது அது நாற்பது மணி நேரம். அவள் கேட்டாள். "தானா அழிஞ்சுபோச்சு" என்றேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஆட்டத்தைத் திறந்து, கருவியை மேசையில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"அவளுக்கு அப்பவே தெரியும்டா. 'அண்ணன்கிட்ட கேக்காதம்மா, பாவம், கூனிக்குறுகிப் போயிடுவான்'னு சொன்னா."

நான் அழுதேன். அம்மா என் தோளில் கை வைத்தபடி, திரையில் நடந்துகொண்டிருந்த சின்னப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, இந்தப் பொம்மை தானாவே நடக்குமா?"

"நடக்காதும்மா. யாராவது பட்டனை அழுத்தணும்."

மேசையில் கருவியின் இடது பட்டன் அமுங்கியது, எழுந்தது, மறுபடி அமுங்கியது.