ஒற்றைச் செருப்பு

"கதவைத் திற! உன் நாய் பண்ணின காரியத்தைப் பாரு!"

மாடியில் தனியாக இருக்கும் வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார்.

கீழ்வீட்டுத் தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசற்படியில் ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி வீட்டுக்காரம்மாவின் காலில்.

"பார்த்தியா? மாடியில கழட்டிவிட்ட செருப்பு, விடிஞ்சா உன் வாசல்ல! இந்த வாரம் பூரா இதே கூத்து. நான் என்ன ஒத்தைக்கால் கொக்கா?"

இந்தப் புகாரால்தான் நேற்று வீட்டில் பெரிய ரகளை.

"இந்த வாடகைக்கு வேற வீடு எங்க கிடைக்கும்? அந்தம்மா நம்மளைக் கிளப்பறதுக்குள்ள நாயை என் சிநேகிதன்கிட்ட கொடுத்துடறேன்!" என்று குதித்தார் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

அந்த நாயைக் கொண்டுவந்ததே அவர்தான். காது இரண்டும் தரையில் புரளுவதைப் பார்த்துத் 'தொங்கட்டான்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். முதல்முறை அது செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில்தான் எத்தனை பெருமை!

"ஸ்பேனியல் பரம்பரையே அப்படி! வேட்டையில விழுந்த பறவையைப் பல்லு படாம கவ்விட்டு வந்து, எஜமான் கையில கொடுத்த வம்சம்!"

"உங்க வம்சத்துல குடிச்ச டம்ளரைக்கூட யாரும் எடுத்து வைக்கறதில்லையே," என்று அவள் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மகள் இன்று கண் வீங்கி, தொட்டுக்கூடப் பார்க்காத தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே அந்தத் திருட்டுப் பய?" வீட்டுக்காரம்மா தையல்காரியின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார். "நேத்து காதைத் துடைச்சியா? தொங்குற காது, உள்ளே காத்தே போகாது. ஈரம் தங்கினா புண்ணாயிடும்னு எத்தனை தடவை சொல்றது? தினம் சீவலேன்னா அக்குள்ல, காதடியில எல்லாம் சிக்கு விழுந்துடும். உனக்கு எங்கே நேரம்?"

திட்டிக்கொண்டே உட்காருவார். திட்டிக்கொண்டே தொங்கட்டானை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவள் ஒரு ரவிக்கையைத் தைத்து முடிக்கும்வரை சீவிக்கொண்டே இருப்பார். இன்றும் ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் பஞ்சு.

அவள் குனிந்து செருப்பை எடுத்தாள். தொங்கட்டான் கவ்விய செருப்பு எச்சிலில் ஊறியிருக்கும். இதில் பொட்டு ஈரமில்லை.

செருப்பைப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் என்னவோ குபீரென்று பொங்கியது.

"அம்மா, தொங்கட்டான்தான்..." என்று மகள் வாயெடுத்தாள்.

"நீ சாப்பிடு!" என்று கண்ணாலேயே அடக்கினாள். "அவன் வேலைதாம்மா, வேற யாரு? வெளியில போயிருக்கான். வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டலாம். நீங்க உட்காருங்க."

"உட்காரத்தான் போறேன். சும்மா விடமாட்டேன் அவனை!"

நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் வீட்டுக்காரம்மா.

அவள் சமையலறைக்குள் பாய்ந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"வேனை ஓரமா நிறுத்துங்க! பிள்ளைங்களை இறக்கி விட்டதும் நேரா போய்த் தொங்கட்டானைக் கூட்டிட்டு வாங்க!"

"விளையாடறியா? மறுபடியும் புகார் வந்தா?"

"வந்தாச்சு! இன்னிக்கும் செருப்பு நம்ம வாசல்லதான் கிடந்தது."

"அதெப்படி? அவனைத்தான் நேத்து சாயங்காலமே கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டேனே!"

"அதனாலதான் சொல்றேன். சீக்கிரம் வாங்க. அந்தம்மா பஞ்சும் கையுமா காத்துக்கிட்டு இருக்காங்க!"